பழைய சின்ன கார், பின் சக்கரத்தில் இரைச்சல்: பேரிங்கில் கை வைப்பதற்கு முன்

மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ என்று எந்தப் பழைய சின்ன காராக இருந்தாலும், பின்பக்கம் சத்தம் வருகிறது என்று சொன்ன உடனே பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் பேரிங் (சக்கரம் உரசாமல் சுற்ற உதவும், உள்ளே குண்டுகள் ஓடும் வளையம்) போயிருக்கும் என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பேரிங் மாற்றி, கூலி கொடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அதே சத்தம் அதே இடத்தில் வருகிற கதையும் நீலகிரி மலையில் நிறையவே நடக்கிறது, ஏனென்றால் சத்தம் டயரில் இருந்திருக்கும், இல்லை பின் பிரேக் டிரம்முக்குள் இருந்திருக்கும், இல்லை முன் சக்கரத்தில் இருந்துகொண்டு பின்னால் கேட்டிருக்கும். சின்ன காரில் பாடி மெல்லிய தகரம், உள்ளே இரைச்சலை அடக்கும் மெத்தை எதுவும் பெரிதாகக் கிடையாது, அதனால் சத்தம் எங்கே பிறந்தாலும் பின் சீட்டுக்குக் கீழே வந்துதான் அதிரும்.

அதனால் சத்தம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து பாகத்தை முடிவு செய்யாதீர்கள். அது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள். வேகத்தோடு மாறுகிறதா, வளைவில் மாறுகிறதா, பிரேக் மிதித்தால் மாறுகிறதா, குழியில் மட்டும் வருகிறதா, தார் மாறினால் மாறுகிறதா. இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. பணம் செலவழிக்காமல் நீங்களே கண்டுபிடிக்க முடிகிற விஷயம் இது.

நீலகிரியில் ஓடும் வண்டிக்கு ஒரு தனி சிக்கல் உண்டு. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று உள்ளேயே சுற்றும்போது நாம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில் 25, 30 வேகத்தில் போகிறோம், எஞ்சின் இரைச்சல்தான் காதை அடைக்கும். தேயத் தொடங்கிய பேரிங்கின் ஊளை பொதுவாக 40-ஐத் தாண்டினால்தான் தெளிவாகக் கேட்கும். என்றைக்கோ ஒருநாள் மேட்டுப்பாளையம் இறங்கி, காரமடை ரோட்டில் 60 தொட்டதும் விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு இரைச்சல் வரும்போது, இறங்கி வந்த மலைப்பாதையில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது மாதக்கணக்கில் இருந்திருக்கும், கேட்க வழியில்லாமல் போயிருக்கும். அதனால் வருடத்தில் ஒன்றிரண்டு முறையாவது கீழே இறங்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, வண்டியைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஓட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீல் நட். சமீபத்தில் பஞ்சர் ஒட்டினீர்களா, டயர் மாற்றினீர்களா, ஸ்டெப்னி போட்டீர்களா? அப்படியானால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் நட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இந்தச் சின்ன கார்களில் பெரும்பாலும் ஒரு சக்கரத்துக்கு நான்கே நட்டுதான், ஒன்று தளர்ந்தாலே மற்ற மூன்றும் சீக்கிரம் தளரும். மெதுவாகப் போகும்போது 'டொக் டொக்' என்று வந்து, வேகம் கூடக் கூட அதிர்வாக மாறுகிற சத்தம் என்றால் ஓரமாக நிறுத்தி இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து டயரின் பக்கவாட்டிலும் தரையில் படும் முகத்திலும் எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், உள்பக்கத்தையும் சேர்த்துத்தான், அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'தப் தப்' என்று அடிக்கும். அந்த டயரோடு மலை இறங்கக் கூடாது, ஸ்டெப்னியைப் போட்டுவிடுங்கள்.

சக்கரத்தின் உள்பக்கச் சுவரில் ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு ஏதாவது வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வழிந்திருந்தால் அது டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் கசிவாக இருக்கலாம். சத்தம் கிடக்கட்டும், பிரேக் ஆயில் அளவைப் பார்த்து, நேராகப் பட்டறைக்கு ஆள் சொல்லி அனுப்புங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

பின் சீட்டில் ஒருவரை பெல்ட் போட்டு உட்கார வையுங்கள், காது கொஞ்சம் கூர்மையானவராக இருந்தால் நல்லது. டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஜாக்கி ராடு, ஸ்பேனர், காலி கேன், குடை எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பின்பக்க லொடலொட சத்தங்களில் கணிசமானவை இதிலேயே நின்றுவிடும். ஸ்டெப்னியை இறுக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் ஒவ்வொரு குழியிலும் யாரோ பின்னால் குத்துகிற சத்தம் வரும்.

முதல் சோதனை, எஞ்சினா சக்கரமா என்று பிரிப்பது. சமவெளியில் இதற்கு நியூட்ரலில் உருள விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மலையில் அந்த வேலையே வேண்டாம், இறக்கத்தில் நியூட்ரல் போடுவது உயிரோடு விளையாடுவது. அதற்குப் பதிலாக ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். 30-இல் இரண்டாவது கியரில் ஒருமுறை, அதே 30-இல் மூன்றாவது கியரில் ஒருமுறை. எஞ்சின் சுற்று குறைந்ததும் சத்தத்தின் சுருதியும் இறங்கினால் அது எஞ்சின், கியர்பாக்ஸ் அல்லது சைலன்சர் பக்கம். கியர் மாறியும் சத்தம் அசையாமல், வேகத்துக்கு மட்டும் கட்டுப்பட்டு இருந்தால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று.

இரண்டாவது, எந்தப் பக்கம் என்பது. இதற்கு மலையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, தடுப்புச் சுவர்கள். இடது பக்கம் நீளமாகச் சுவர் அல்லது வெட்டிய பாறை வருகிற இடத்தில் இடப்பக்கக் கண்ணாடிகளை முழுதாக இறக்கிவிட்டு, வலப்பக்கம் ஏற்றி வைத்து, மெதுவாகப் போங்கள். இடது சக்கரங்களின் சத்தம் சுவரில் பட்டு நேராக உள்ளே வரும். உரசல், கிறீச்சிடல், கல் சிக்கிய சத்தம் எல்லாம் இதில் துல்லியமாகக் கேட்கும். திரும்பி வரும்போது சுவர் வலது பக்கம் வந்துவிடும், கண்ணாடிகளை மாற்றி இறக்கி, வலது சக்கரத்தைக் கேளுங்கள். சுவருக்கும் உங்களுக்கும் நடுவே எதிர் வரும் வண்டிகளின் பாதை இருப்பதால் அது அவ்வளவு தெளிவாக இருக்காது, இருந்தாலும் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவதுதான் பேரிங்குக்கான சோதனை. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். இடப்பக்கம் திரும்பினால் வலது சக்கரங்கள் மேல். வலது வளைவில் ஊளை கூடி, இடது வளைவில் குறைகிறது அல்லது அடங்குகிறது என்றால் இடது பேரிங் மேல்தான் முதல் சந்தேகம். கொண்டை ஊசி வளைவு இதற்கு உதவாது, அங்கே நாம் 10, 15-இல்தான் திரும்புகிறோம், ஊளையே கேட்காது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் பைக்காரா பக்கம் வருகிற மாதிரி நீண்டு வளையும் வளைவுகள் வேண்டும், போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில், அனுமதித்த வேகத்துக்குள். ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனை நன்றாகவே பலன் கொடுக்கும் என்றாலும் இதை மட்டுமே நம்பக்கூடாது. சில பேரிங்குகள் எடை ஏறினால் அமைதியாகி, எடை குறைந்தால் உறுமும். இது சந்தேகத்தை ஒரு பக்கம் திருப்பிவிடுகிற சோதனை, முடிவு சக்கரத்தைத் தூக்கிப் பார்த்த பிறகுதான்.

நான்காவது, ரோடு மாறும் இடம். புதுத் தார் போட்ட வழவழப்பான பகுதியிலிருந்து பழைய சொரசொரப்பான ரோட்டுக்கு மாறும்போது சத்தத்தின் தன்மையே மாறினால் டயர். எந்த ரோட்டிலும் ஒரே குரலில் ஊளையிட்டால் பேரிங். ஓட்டிப் பார்க்கும் சோதனைகளில் இதைத்தான் நான் நம்பகமானதாக நினைக்கிறேன், இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

பிரேக்கையும் சேர்த்துப் பாருங்கள். மிதித்தவுடன் 'கர்ர்' என்று இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் வந்தால் லைனர் (பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும், டிரம்மில் அழுந்தி வண்டியை நிறுத்தும் பட்டை) தீர்ந்துவிட்டது. மிதிக்காதபோது உரசி, லேசாக மிதித்ததும் சத்தம் நின்றால் டிரம்முக்குள் ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறது.

டயரைக் கையால் படியுங்கள்

டயரைக் கண்ணால் பார்த்து "நிறைய பட்டன் இருக்குதுங்க, டயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம் (பட்டன் என்றால் டயர் முகத்தில் இருக்கும் ரப்பர் கட்டைகள்). கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் கைக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு, முதலில் கம்பி, கண்ணாடித் துண்டு எதுவும் குத்தியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையை டயரின் முகத்தில் வைத்து முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள். அப்புறம் பின்னிருந்து முன்னாக. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் விளிம்பும் கையைத் தடுத்தால், கட்டைகள் ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கின்றன. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் தனித்தனியாகத் தடவுங்கள். சில டயரில் உள்விளிம்பில் மட்டும் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு பள்ளம் என்று அலை அலையாக இருக்கும். அப்படி இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துப்போய் சக்கரம் தரையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு வகை டயரும் போடுகிற 'ஊஊம்' சத்தமும் பேரிங் சத்தமும் கேட்பதற்கு ஒன்றேதான், அனுபவம் உள்ளவர்களே ஏமாறுகிறார்கள்.

மலை வண்டிகளில் இன்னொன்று. வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும், அதனால் பட்டன் தேயாமலேயே ரப்பர் கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் DOT (டாட்) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 2316 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஆறேழு வருடம் தாண்டி, நகத்தால் அழுத்தினால் இறங்காத அளவுக்கு இறுகி, பக்கத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் அது சத்தமும் போடும், மழையில் பிடிக்கவும் செய்யாது. 1.6 மி.மீ. அடையாளக் கட்டைக்கு மேலே பட்டன் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம், பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஐப்பசி மழையில் பட்டன் மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

டயர்தானா என்று உறுதி செய்ய, காற்றுச் சரியாக வைத்துவிட்டு, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே ரோட்டில் போய்வாருங்கள். சத்தம் முன்னால் நகர்ந்தாலோ, அதன் குரல் மாறினாலோ டயர். ஒன்றும் மாறவில்லை என்றால் டயரை மறந்துவிடலாம். பஞ்சர் கடையில் அரை மணி நேர வேலை. பேரிங் வாங்குவதற்கு முன் இந்த அரை மணி நேரத்தைச் செலவழியுங்கள் என்று யாரிடமும் கெஞ்சிச் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது

இங்கே அவசரம் வேண்டாம். மலையில் சமதளம் கிடைப்பதே கஷ்டம், வீட்டு வாசலே சரிவாக இருக்கும். பரவாயில்லை என்று சரிவில் ஜாக்கி போடாதீர்கள். பெட்ரோல் பங்க், சர்வீஸ் ஸ்டேஷன், மைதானத்து ஓரம், எங்காவது சிமென்ட் போட்ட சமதளம் தேடிப் போங்கள்.

பின் சக்கரம் சுற்ற வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும். அப்போது வண்டியைப் பிடித்து வைத்திருப்பது கியரும் கட்டையும் மட்டும்தான். இந்தச் சின்ன கார்களில் எஞ்சின் முன் சக்கரங்களை ஓட்டுவதால் முதல் கியரில் போட்டால் முன் சக்கரம் பிடித்துக்கொள்ளும். அதோடு இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டையோ நல்ல கல்லோ வையுங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்டாண்டு கொடுத்து அதன் மேல் உட்கார வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது. ஆம்னி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், அதில் எஞ்சின் பின் சக்கரங்களை ஓட்டுகிறது, கியரில் போட்டால் பின் சக்கரம் சும்மா சுற்றாது, தூக்கினால் கியர் பிடிப்பும் போய்விடும். ஆம்னிக்குப் பின்னால் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) வேறு இருப்பதால் சத்தத்தின் கணக்கே தனி. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு குரல், விடும்போது ஒரு குரல் என்றால் டிஃபரன்ஷியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தூக்கியாயிற்றா, சரி. 12 மணி, 6 மணி இடங்களில் இரண்டு கையாலும் டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அப்புறம் 9 மணி, 3 மணி. முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங் பாகங்களின் ஆட்டமும் கலந்துகொள்ளும், பின்னால் அது கிடையாது, அதனால் இங்கே 'கிளிக்' என்று ஒரு ஆட்டம் கைக்குப் பட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது நடு நட்டு தளர்ந்திருக்கிறது. ஆடும்போது யாரையாவது பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், டிரம்முக்கும் அதன் பின் தகட்டுக்கும் நடுவே இடைவெளி அசைந்தால் பேரிங், மொத்த ஆக்சிலும் சேர்ந்து அசைந்தால் அதைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர் புஷ்.

இப்போது நான் மிகவும் நம்புகிற சோதனை. இடது கையை அந்தச் சக்கரத்தின் காயில் ஸ்பிரிங்கில் லேசாக வையுங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டாம், விரல்கள் கம்பிச் சுருளுக்கு இடையில் போகாமல் வெளிப்பக்கம் மட்டும் தொட்டால் போதும். வலது கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றுமே தெரியாது. போன பேரிங் என்றால் மணல் அரைபடுகிற ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு ஏறும். காதுக்கு லைனர் உரசுகிற 'சர்ர்' சத்தமும் சேர்ந்து கேட்டுக் குழப்பும், ஸ்பிரிங் குழப்பாது. மறுபக்கத்தையும் அதேபோல் பாருங்கள், இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது சாதாரணம் எது கோளாறு என்று பிடிபடும்.

சுற்றும்போது லைனர் லேசாக, சுற்று முழுக்க ஒரே சீராக உரசினால் அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் பிடித்து விட்டால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது, அல்லது உள்ளே துரு ஏறியிருக்கிறது. கையால் சுற்றவே முடியவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பி வராமல் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம்.

டிரம்முக்குள்

இந்தப் பகுதி மலைக்காரர்களுக்குத்தான். மேற்கே கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, கிழக்கே குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை, நடுவில் மூடுபனி, மார்கழி, தையில் உறைபனி. டிரம்முக்குள் ஈரம் காய்கிற நாட்களே குறைவு. சரிவில் நிறுத்துகிறோம் என்பதால் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்தும் விடுகிறோம். ஈரமான லைனர் இரும்பு டிரம்மோடு அழுந்தி இரவெல்லாம் இருந்தால் துருவால் ஒட்டிக்கொள்ளும். காலையில் எடுக்கும்போது பின்னால் 'டப்' என்று விடுபடும், கொஞ்ச தூரத்துக்கு 'சர் சர்' என்று உரசும், இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் சரியாகிவிடும். அது நோய் இல்லை. பல நாள் நிறுத்தி வைத்த வண்டி நகரவே மாட்டேன் என்றால் ஆக்சிலேட்டரை அமுக்கி இழுக்காதீர்கள், ஷூவில் ஒட்டியிருக்கும் லைனர் பிரிந்து உள்ளே விழும், அப்புறம் வருவது உண்மையிலேயே பெரிய சத்தம். சக்கரத்தைக் கழற்றி, மரச் சுத்தியால் டிரம்மைச் சுற்றித் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் சமதளமாகப் பார்த்து, கியரில் போட்டு, சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விடுங்கள். சரிவில் என்றால் ஹேண்ட் பிரேக் வேண்டும்தான், லைனரைக் காப்பாற்ற வண்டியைப் பள்ளத்தில் விட முடியாது. மேல் நோக்கி நின்றால் முதல் கியர், கீழ் நோக்கி நின்றால் ரிவர்ஸ், கட்டை எப்படியும்.

திடீரென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், காதைக் கிழிக்கிற 'கிரீச்ச்' சத்தம் பின் சக்கரத்தில் தொடங்கினால், ரோட்டு வேலை நடக்கும் இடத்தையோ மண் சரிந்த இடத்தையோ தாண்டி வந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சின்ன ஜல்லி ஒன்று டிரம்முக்கும் பின் தகட்டுக்கும் இடையில் போய் உட்கார்ந்திருக்கும். ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் ரிவர்ஸில் எடுத்து, மறுபடி முன்னால் போனால் பல நேரம் தானாக விழுந்துவிடும். விழவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றித் தகட்டின் விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். தகடு வளைந்து டிரம்மைத் தொட்டாலும் இதே சத்தம்தான், ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் சரி.

மலை இறங்கி வந்ததும் எல்லா பிரேக்கும் சுடத்தான் செய்யும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்தில் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, பிறகு சமதளத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, நிறுத்தியதும் இரண்டு பின் சக்கரங்களின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் லைனர் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் சுடுகிறது.

பல கார்களில் பின் தகட்டில் ரப்பர் மூடியிட்ட சின்ன ஓட்டை இருக்கும், அதைத் திறந்து டார்ச் அடித்தால் லைனர் கனம் தெரியும். 1 மி.மீ. பக்கம் வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது, பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பட்டறைப் பையன்கள் ஏர் பைப்பை எடுப்பதைப் பார்த்தால் தயங்காமல் நிறுத்துங்கள், அவர்கள்தான் தினமும் அதைச் சுவாசிக்கிறார்கள். டிரம்மில் வரப்பு வரப்பாகக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் ஒரு கட் எடுக்கலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் புது டிரம்தான்.

குழியில் மட்டும் வரும் சத்தம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றுக்கு ஒருமுறை வராமல், குழியிலும் வேகத்தடையிலும் மட்டும் 'டக்' என்று வந்தால் அது பேரிங்கே இல்லை. ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் புஷ், மாருதி 800, பழைய ஆல்ட்டோ மாதிரி வண்டிகளில் பின் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நீளக் கைகளின் புஷ், குறுக்கே போகும் ராடின் புஷ் இவற்றைக் கம்பி வைத்து நெம்பிப் பாருங்கள். ஷாக்கில் எண்ணெய் வழிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்து, குழாய் ஆக்சிலில் இடிப்பதும் அடிக்கடி நடக்கிறது, ஆறிய பிறகு சைலன்சரைக் கையால் ஆட்டினாலே தெரிந்துவிடும்.

பேரிங்தான் என்று தெரிந்துவிட்டால்

தள்ளிப் போடாதீர்கள். மாருதி 800, பழைய ஆல்ட்டோ போன்றவற்றில் பின்பக்கம் டிரம்மும் ஹப்பும் (சக்கரம் மாட்டும் நடுப் பாகம்) ஒன்றே, பேரிங்குகள் டிரம்முக்குள்ளேயே அடித்து ஏற்றப்பட்டு, நடுவில் ஒரு நட்டு மொத்தத்தையும் ஆக்சிலில் பிடித்து வைத்திருக்கிறது. பேரிங் முழுதாக உடைந்தால் சக்கரமும் டிரம்மும் சேர்ந்தே கழன்று போகும், அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் அதோடு போகும். சமதளத்தில் வெறும் ஊளை மட்டும் என்றால் பட்டறை வரை மெதுவாகக் கொண்டுபோகலாம். ஆட்டம் இருக்கிறது, நறநறக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டின் 14 கொண்டை ஊசியோ, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசியோ அந்தச் சக்கரத்தோடு இறங்கக் கூடாது, வண்டியை ஏற்றிக் கொண்டுபோகிற செலவைப் பார்க்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போய் "அண்ணா, பேரிங் மாத்திடுங்க" என்று சொல்லாமல், "அண்ணா, 40-க்கு மேல ஊளை வருதுங்க, வலப்பக்கம் திரும்பினா கூடுது, டயர் மாத்திப் போட்டும் மாறல, இடது ஸ்பிரிங்ல கை வச்சா நறநறங்குது, ஒருக்கா பாத்துடுங்க" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார், பாதி வேலையை நீங்களே முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

வேலை நடக்கும்போது முடிந்தால் பக்கத்தில் இருங்கள். ஒரு டிரம்முக்குள் உள், வெளி என்று இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய். ஒன்று மட்டும் போயிருந்தாலும் இரண்டையும், கூடவே ஆயில் சீலையும் மாற்ற வேண்டும், சீல் பழசாகி மழைத் தண்ணீர் உள்ளே போனதுதான் பல நேரம் மூல காரணம். புது பேரிங்கை டிரம்மில் ஏற்றும்போது வெளி வளையத்தில் உட்காருகிற குழாயோ பிரஸ்ஸோ வைத்துத்தான் இறக்க வேண்டும். உள் வளையத்தில் சுத்தி பட்டால் குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழும், சில மாதத்தில் அதே ஊளை திரும்பி வரும். ஸ்பேசரை மறந்துவிட்டு மூடினால் பேரிங் நெரிபட்டுச் சூடாகும், அதனால் அது உள்ளே போவதைக் கண்ணால் பாருங்கள். நடு நட்டை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஸ்பிளிட் பின் இருக்கும் வண்டியில் புது பின் போட வேண்டும், பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதற்கு அனுமதிக்காதீர்கள். பேரிங்கை எஸ்கேஎஃப், என்பிசி மாதிரி தெரிந்த கம்பெனியாக, நம்பிக்கையான கடையில், பில்லோடு வாங்குங்கள். போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு.

கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டு, உள் வளையத்தில் விரலை விட்டு, காதருகே பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். சுற்று ஓரிடத்தில் தடுக்கும், அல்லது கரகரக்கும், கிரீஸ் பழுப்பாகி, துருத்தண்ணீரோடு கலந்து வரும். அப்படி எதுவுமே இல்லாமல், புதுசைப் போல வழவழவென்று சுற்றினால் சத்தம் வேறு இடத்தில்தான் இருக்கிறது, டயரில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

வண்டியை எடுத்ததும் நேராக மலை இறங்காமல், ஊருக்குள் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, அந்தச் சக்கரத்தின் நடுவில் சூடு மற்ற பக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். டிரம்மைக் கழற்றி மாட்டியிருப்பதால் ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக்கில் பிடிக்கிறது என்பதும் மாறியிருக்கும், ஏற்றத்தில் நிறுத்தி அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை ஸ்பேனர் போட்டு இறுக்கிவிடுங்கள்.